கொட்டகைக் கூரையைத் தரையோடு கட்டிய கதை

வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி மாட்டுக் கொட்டகைக் கூரை இரண்டு வயல் தாண்டிப் போய்க் கிடந்தது. விடிந்ததும் போய்ப் புரட்டிப் பார்த்தால், ஷீட்டில் ஒரு ஸ்க்ரூகூடக் கழலவில்லை. ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது காற்று. பர்லினை டிரஸ்ஸோடு, அதாவது கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தோடு, ஒட்டிய இடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பொட்டு வைத்தாற்போல டாக் வெல்டிங். அதற்குத்தான் முழுக்கூலி கொடுத்திருந்தேன்.

மறுபடி கட்டும்போது மேலே வைக்கோல் பரண் வேண்டும் என்று வெளிநாட்டுப் பண்ணைகளில் இருக்கிற மாதிரி மடிப்புக் கூரைக்கு ஆசைப்பட்டேன். கீழ்ப்பாதி செங்குத்தாக, மேல்பாதி படுத்தாற்போல. பணம் புரட்டியது, ஷீட் வாங்கியது எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தது. பட்டறையில்தான் ஆரம்பித்தது.

“இரும்பு வெயிட்டே அழுத்திக்கும்ணே, கவலைப்படாதீங்க” என்றார் பட்டறைக்காரர். போன தடவையும் இதே வசனம்தான், ஆள் மட்டும் வேறு.

சரி, இந்த முறை கேட்டுவிட்டே செய்வோம் என்று, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரிடம் போனேன். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டார். கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியில் சென்னைக்குச் சொல்லியிருக்கும் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அதையே நமக்கும் வைத்துக்கொள்வோம் என்றார். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். என் கூரை 20க்கு 30 அடி, ஏறக்குறைய 56 சதுர மீட்டர். காற்று எட்டு டன்னுக்கும் அதிகமாக மேலே இழுக்கும். ஷீட்டின் மொத்த எடை? கால் டன். “எதுப்பா அழுத்தும்?” என்று பேனாவை மூடினார்.

எட்டுத் தூணுக்கும் பிரித்தால் தூணுக்கு ஒரு டன். இரண்டரை அடிக்கு இரண்டரை அடி, ஆழமும் இரண்டரை அடி என்று கான்கிரீட் போட்டால் அந்த எடை வரும். ஷீட்டிலிருந்து பர்லின், பர்லினிலிருந்து டிரஸ், அங்கிருந்து தூண், அஸ்திவாரம் என்று பிடி எங்கேயும் அறக்கூடாது. கூரை மடிகிற மூட்டில் இரண்டு பக்கமும் தகடு வைத்து போல்ட் போடச் சொன்னார். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு என்று வைத்திருந்த என் திட்டத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார். உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் கூரையைக் கீழிருந்து தள்ளுமாம். எதிர்ச் சுவரை பாதி உயரத்தில் நிறுத்தினேன். மூன்றடி இறவாணத்தை ஒரு அடியாகக் குறைத்தேன். மழைச்சாரல் கொஞ்சம் அடிக்கிறது, பரவாயில்லை.

அப்புறம் அந்த போல்ட் கூத்து. தூணின் அடியில் அஸ்திவாரத்தோடு பிடிக்கும் தகடான பேஸ் பிளேட்டில் துளை 16 எம்எம் போல்ட்டுக்கு. கடையில் கட்டிக் கொடுத்தது 12. நாகப்பட்டினத்துக்கு மறுபடி பஸ் ஏறி மாற்றிக்கொண்டு சாயங்காலம் வந்து பார்த்தால், இரண்டு குழியில் போல்ட் இல்லாமலே கான்கிரீட் கொட்டி மட்டம் தட்டியிருக்கிறார்கள். “டிரில் போட்டுச் சொருகிக்கலாம்ணே.” மறுநாள் இரண்டையும் உடைக்க வைத்தேன். கூலி, சிமெண்ட் இரண்டும் என் தலையில். நான் இல்லாதபோது கலவை போடக்கூடாது என்று முன்பே கறாராகச் சொல்லியிருக்க வேண்டும்.

ஷீட் ஏற்றும் நாளில் ஏணியிலேயே நின்றேன். ஓரம், மூலை, முகடு இங்கெல்லாம்தான் காற்று அதிகம் பிய்க்கும். அங்கே ஸ்க்ரூவை நெருக்கி அடிக்கச் சொன்னால் “எதுக்கு வீணா” என்று முணுமுணுப்பு. ரப்பர் வாஷர் பிதுங்கும்வரை முறுக்கினார்கள், அதையும் கழற்றி மாட்ட வைத்தேன். பர்லின் ஒவ்வொன்றும் இப்போது கிளீட் (பிடிப்புக்கான இரும்புத் துண்டு) வைத்து இரண்டு போல்ட்டில் நிற்கிறது.

கஜா மாதிரி ஒன்று அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் உப்புக்காற்று தினமும் வருகிறது. ஐப்பசிக்கு முன்னால் ஸ்பேனரோடு ஏறிவிடுவேன். போன வருஷம் நான்கு போல்ட் தலை துருவேறி உதிர்ந்தது. கால்வனைஸ் போல்ட் என்று காசு வாங்கிக்கொண்டு சாதா போல்ட்டைக் கலந்து கொடுத்திருக்கிறார்கள்.