கிராமத்து நூலகத்தில் புத்தகம் நகர வேண்டும்

ஒரு கிராமத்து நூலகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அரைமணி நேரம் போதும். அடுக்குக்கு நாலைந்து என்று கைக்கு வந்த புத்தகங்களை உருவி, உள்ளே ஒட்டியிருக்கும், இரவல் கொடுக்கும்போது முத்திரையிடும் தேதித்தாளைப் பாருங்கள். நூறு புத்தகம் பார்த்து, அவற்றில் கடந்த மூன்று ஆண்டில் ஒரு முத்திரைகூட விழாதவை எத்தனை என்று எண்ணுங்கள். பாதியைத் தாண்டினால், புதுப் புத்தகம் வாங்குவதற்கு முன்பே அங்கே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் இது தெரியாது. நாளிதழ் படிக்க வரும் பத்துப் பேர் தினமும் போடும் கையெழுத்திலேயே அது நிறைந்துவிடும்.

இந்த நிலைக்கு நூலகரை மட்டும் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டுப் பொது நூலகங்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மேல் நிற்பவை. நூலக அறிவியல் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் பாடுபட்டதன் பலன் அந்தச் சட்டம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக வசூலாகி, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. ஓட்டு வீடும் தொகுப்பு வீடும் மிகுந்த மாவட்டத்தில் வீட்டு வரியே குறைவு என்பதால் நூலக வரியும் குறைவு. உள்ளாட்சிகள் வசூலித்ததைக் காலத்தில் கட்டாவிட்டால் அதுவும் வராது. வந்ததில் சம்பளமும் வாடகையும் மின்கட்டணமும் போக மீதிதான் புத்தகத்துக்கு. அந்தப் புத்தகங்களும் பெரும்பாலும் மொத்தமாகக் கொள்முதல் செய்து கட்டாக அனுப்பப்படுபவை. நம் ஊரில் யார் என்ன கேட்கிறார்கள் என்று அந்தக் கட்டுக்குத் தெரிய வாய்ப்பில்லை. இதற்குப் புறம்பாக, அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006 முதல் 2011 வரை ஊராட்சிதோறும் எழுந்த நூலகக் கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றின் பொறுப்பு ஊராட்சியிடம். கட்டடம் வந்த வேகத்தில் அதைத் தினமும் திறந்து வைக்க ஆளுக்கும், நாளிதழ்ச் சந்தாவுக்கும் தொடர்ந்து பணம் வராத ஊர்களில் பூட்டுத்தான் தொங்குகிறது.

ஆகவே சிறிய நூலகத்தை வலுப்படுத்துவது என்றால் என் கணக்கில் முதல் வேலை புத்தகம் சேர்ப்பதன்று. இருக்கிற புத்தகத்தை நகர வைப்பதுதான்.

இடக் கணக்கிலிருந்து தொடங்கலாம். மூன்று அடி அகல இரும்பு ரேக்கின் ஒரு தட்டில் சராசரித் தடிமனுள்ள தமிழ்ப் புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் நாற்பத்தைந்து வரை நிற்கும். அப்படி நெருக்கினால் ஒன்றை உருவும்போது முதுகுத்தாள் கிழியும், திரும்பச் செருக முடியாமல் வாசகர் மேலே படுக்க வைத்துவிட்டுப் போவார். முப்பதோடு நிறுத்துங்கள். ஐந்து தட்டு என்றால் ஒரு ரேக்குக்கு 150 புத்தகம், இரண்டாயிரம் புத்தகத்துக்குப் பதின்மூன்று பதினான்கு ரேக்குகள் வேண்டும். ஒற்றை அறை நூலகத்தில் அத்தனை ரேக்கும் போட்டுவிட்டால் உட்கார இடம் இருக்காது. அதனால்தான் பல ஊர்களில் இரண்டு வரிசையாக முன்னும் பின்னும் அடுக்குகிறார்கள். பின்வரிசைப் புத்தகம் அன்றோடு கண்ணிலிருந்து மறைந்துவிடும். மூட்டையும் இரட்டை வரிசையுமாக நாலாயிரம் இருப்பதைவிட, முகம் தெரிய நிற்கும் ஆயிரத்து இருநூறு எவ்வளவோ மேல்.

அப்படியென்றால் சிலவற்றை எடுக்க வேண்டும். இங்கேதான் எல்லா நூலகரும் தயங்குகிறார்கள். புத்தகம் குறைந்தால் கணக்குத் தணிக்கையில் தன் கைக்காசைக் கட்ட வேண்டி வருமோ என்ற பயம் நியாயமானதே. மத்திய அரசு நூலகங்களுக்கான பொது நிதி விதிகள் (2017) இந்த விஷயத்தில் ஒரு நல்ல அளவுகோல் தருகின்றன. ஓர் ஆண்டில் இரவல் போனதும் உள்ளேயே எடுத்துப் பார்த்ததுமாக ஆயிரம் நூலுக்கு ஐந்து நூல் வரை காணாமல் போவதை, நேர்மைக் குறைவோ அலட்சியமோ இல்லாதவரை, இயல்பான இழப்பாக 215-ஆம் விதி ஏற்கிறது. மாநில நூலகங்களை அந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. இழப்பை அது இருப்பின் எண்ணிக்கையோடு ஒப்பிடாமல் பயன்பாட்டோடு ஒப்பிடுகிறது. ஆகவே உள்ளே படித்த புத்தகங்களையும் எண்ணி எழுதுங்கள். படித்ததை வாசகரே அடுக்கில் வைக்காமல் மேசையில் விட்டுச் செல்லச் சொன்னால், பூட்டும் நேரத்தில் எண்ண ஐந்து நிமிடம்கூட ஆகாது. எந்தப் புத்தகம் கைபடுகிறது என்பதும் தெரியும், தவறான தட்டில் செருகப்படுவதும் நிற்கும்.

எதை எடுப்பது? பழைய பாடத்திட்டத்துக்கு எழுதிய போட்டித் தேர்வு வழிகாட்டிகள் முதலில் போக வேண்டும். அவை பயனற்றவை என்பதோடு ஆபத்தானவையும்கூட. இலவசமாகக் கிடைத்தது என்று அதையே நம்பிப் படிக்கிற பிள்ளை, ஓராண்டு உழைப்பைக் கேள்வியே வராத பகுதியில் செலவழிக்கும். அடுத்தது பழைய வேளாண் நூல்கள். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-இல் தடைசெய்தது. அதைத் தெளிக்கச் சொல்லும் புத்தகம் இன்னும் தட்டில் நிற்கலாம். மருத்துவக் கையேடு, வரிச் சட்டம், வழக்கொழிந்த கணினி மென்பொருள் பற்றியவை, பக்கம் உதிர்ந்து தைக்கவும் முடியாதவை, தேவைக்கு மேல் வந்த ஒரே நூலின் கூடுதல் படிகள் ஆகியவற்றையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஊரின் தலபுராணம், பள்ளி ஆண்டு மலர், கூட்டுறவுச் சங்க விழா மலர், உள்ளூர்க்காரர் சொந்தச் செலவில் அச்சிட்ட கவிதைத் தொகுப்பு இவற்றை மட்டும் யாரும் தொடாவிட்டாலும் எடுக்கக் கூடாது. வேறெந்த நூலகத்திலும் அவை இல்லாமல் போகலாம். பூட்டுள்ள ஒரு பீரோவை அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

எடுத்தவற்றை நாமே எடைக்குப் போடுவதோ எரிப்பதோ வேண்டவே வேண்டாம். சேர்க்கை எண் (நூலகத்துக்கு வந்தபோது ஒவ்வொரு படிக்கும் பதிவேட்டில் தந்த வரிசை எண்), தலைப்பு, ஆசிரியர், விலை, நீக்கக் காரணம் என்று பட்டியல் எழுதி மாவட்ட நூலக அலுவலரின் எழுத்து அனுமதி வந்த பிறகே நூலிலும் சேர்க்கைப் பதிவேட்டிலும் ‘நீக்கப்பட்டது’ என்று ஆணை எண்ணோடு குறிக்க வேண்டும். அந்தச் சேர்க்கை எண்ணை வேறு புத்தகத்துக்குத் தரக் கூடாது. தந்துவிட்டால் பத்து ஆண்டு கழித்து இருப்புச் சரிபார்க்கிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

பகுப்பு எண்ணைப் பற்றி ஒன்று. நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் தரும் டூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811-இல் அடங்குகிறது, அதில் நாவலும் சிறுகதையும் 894.8113. தமிழ் நூல்களே பெரும்பாலாக இருக்கும் கிராம நூலகத்தில் கணிசமான பங்கு அந்த ஒரே எண்ணின்கீழ் வந்து நிற்கும். எண் சரியாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு புத்தகத்தைத் தேடிப் பிடிக்க உதவாது. எண்ணைப் பதிவேட்டுக்கு வைத்துக்கொண்டு, முதுகில் அரை அங்குல வண்ணத்தாள் ஒட்டுங்கள். கதைக்கு ஒரு நிறம், சிறுவர் நூலுக்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று, வேளாண்மைக்கு ஒன்று. ஆறு நிறத்துக்கு மேல் வேண்டாம். கதைகளை ஆசிரியர் பெயரின் அகர வரிசையில், தலைப்பெழுத்தை விட்டுவிட்டு இயற்பெயரால் அடுக்குங்கள். ‘அந்தப் பச்சை அட்டை நாவல் இருக்கா சார்’ என்று கேட்பவரும் இரண்டாவது வாரத்திலிருந்து தானே எடுத்துக்கொள்வார்.

கணினி இருந்தால் பெரிய நூலக மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஏழு நெடுவரிசையுள்ள, எக்செல் போன்ற ஒரு விரிதாள் போதும். ஒரே நிபந்தனை, ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்ய வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பட்டியல்கள் வேறு கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும், தேடவும் முடியாது. அப்படியொரு பட்டியல் கையில் இருந்தால் அழிக்காதீர்கள். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பராமரிப்பில் தண்ணீர்தான் முதல் எதிரி, பூச்சி அதற்கு அடுத்தது. ஈரம் இருக்கிற இடத்துக்குத்தான் கரையானும் வெள்ளிப்பூச்சியும் பூஞ்சையும் வருகின்றன. ரேக்கைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி நிறுத்துங்கள், கடைசித் தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயரட்டும். ஐப்பசிக்கு முன் மாடியேறி மழைநீர்க் குழாயில் அடைந்த சருகை அள்ளுவது, ஆண்டு முழுதும் போடும் மருந்தைவிடப் பலன் தரும். வேப்பிலை, நொச்சி வைப்பதானால் நொறுங்குமளவு காய்ந்திருக்க வேண்டும். பாதி காய்ந்த இலை தன் ஈரத்தைத் தாளுக்குக் கொடுத்துப் பூஞ்சையை வரவழைக்கும். அந்துருண்டையைக் குழந்தைகள் உட்காரும் மூடிய அறையில் போடவே கூடாது.

புத்தகம் நனைந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் போட்டால் அட்டை முறுக்கிக்கொண்டு தாள் நெளிந்துபோகும். நிழலில், மின்விசிறிக் காற்றில், புத்தகத்தை நிமிர்த்தி லேசாக விரித்து வையுங்கள். பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத்தாளைச் செருகி, ஈரமாக ஆக மாற்றுங்கள். நாளிதழைச் செருகினால் மை ஒட்டும். வழவழப்பான படத்தாள் புத்தகங்களை முதலில் கவனிக்க வேண்டும், காய்ந்தபின் அவற்றின் பக்கங்கள் கல்லாக ஒட்டிக்கொள்ளும்.

கிழிசலுக்கு ஒளிபுகும் டேப் வேண்டாம். சில ஆண்டில் பழுப்பேறி, பசை மட்டும் தாளில் தங்கிவிடும். மெல்லிய வெள்ளைத்தாள் கீற்றும் மைதாப் பசையும் போதும். பைண்டர்கள் பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, சிறுவர் நூலுக்கு ஆகாது. இப்போது வரும் புத்தகங்களில் பல தைக்காமல் பசையால் மட்டும் ஒட்டியவை, நாலு கை மாறியதும் பக்கம் உதிர்கிறது. புதிதாக வந்த அன்றே முதுகிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி ஐந்து துளை போட்டு, மெழுகு தேய்த்த கனமான நூலால் தைத்துவிட்டால் அதன் ஆயுள் பல மடங்கு கூடும். அதிகம் கேட்கப்படும் தேர்வு நூல்களுக்கு இதை முதலில் செய்யுங்கள். பதினாறு பக்கச் சிறுவர் நூல்களில் கம்பிப் பின் துருப்பிடிக்கும், பிடுங்கிவிட்டு நூலால் கட்டுங்கள். அவற்றை ரேக்கில் செருகினால் முதுகே தெரியாது. கயிறு கட்டித் துணிக் கிளிப்பில், குழந்தையின் கண் உயரத்தில், அட்டை தெரியத் தொங்க விட வேண்டும்.

இத்தனையும் செய்து, ஆள் வரும் நேரத்தில் பூட்டியிருந்தால் பயனில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் காலை பத்து மணி உதவாது. அரசு நேரத்தை நாமே மாற்ற முடியாது என்றாலும், மாலை நேரத்தை இழுத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம், நூலகத்துக்குத் துணை நிற்கும் உள்ளூர் வாசகர்களின் குழுவான வாசகர் வட்டத்தில் ஒருவரை மேற்பார்வைக்கு வைக்கலாம். நேரம் குறைவாக இருப்பதைக்கூட ஊர் பொறுத்துக்கொள்ளும். மாறிக்கொண்டே இருந்தால் பொறுக்காது. இரண்டு முறை வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பிய பிள்ளை மூன்றாம் முறை வராது.

அதைவிடக் கடினமான கேள்வி, நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது. ஊருக்குள் இருக்கும் கட்டடத்துக்குக் காலனிப் பிள்ளைகள் வரத் தயங்குவதும், காலனியில் கட்டினால் ஊர்க்காரர் எட்டிப் பார்க்காததும் நாம் கண்ணை மூடிக்கொள்ள முடியாத உண்மை. வாசலில் நாளிதழோடு ஆண்கள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெண்கள் உள்ளே நுழைவதில்லை என்பதும் அப்படித்தான். நாளிதழ் மேசையை வாசலிலிருந்து பக்கவாட்டுக்கு நகர்த்துவது சிறிய காரியம், பலன் பெரிது. உறுப்பினர் பட்டியலைத் தெருவாரியாக எழுதிப் பாருங்கள். ஒரு தெருவிலிருந்து யாருமே இல்லையென்றால் அங்குள்ள அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ மகளிர் குழுக் கூட்டத்துக்கோ ஐம்பது புத்தகங்களுடன் வாரம் ஒரு நாள் நாமே போக வேண்டும். அவர்கள் வரட்டும் என்று காத்திருப்பது நடுநிலை ஆகாது.

நகர வைக்கும் வேலையின் அடுத்த படி, அக்கம்பக்கத்து நூலகங்களோடு மாற்றிக்கொள்வது. 1931-இல் மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் புத்தகம் கொண்டு சென்றதன் அடிப்படையும் இதுதான். ஐந்து ஊர் சேர்ந்தால் ஊருக்கு நூறு புத்தகம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டமாகச் சுழலும். புதிதாக ஒரு ரூபாய் செலவில்லாமல் ஒவ்வொரு ஊருக்கும் ஆண்டுக்கு நானூறு புதுத் தலைப்புகள். பெட்டிக்கு ஐம்பது போதும். சராசரி முந்நூறு கிராம் என்றால் பதினைந்து கிலோ, இரு சக்கர வண்டியில் கட்டலாம். பட்டியல் மூன்று படி: கொடுப்பவருக்கு, வாங்குபவருக்கு, மாவட்டத்துக்கு. இது முறிவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வரும்போதே இருந்த கிழிசலை யாரும் குறிக்காததால் பழி யார்மேல் என்ற சச்சரவு வரும். வாங்கும்போதே ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து நிலையைக் குறித்துக் கையெழுத்திட்டால் அது எழாது.

கடைசியாக, மேசையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று எப்போதும் திறந்திருக்கட்டும். வாசகர் கேட்டு, நம்மிடம் இல்லாத ஒவ்வொன்றையும் அவர் எதிரிலேயே எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதிலிருந்து தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை, எத்தனை பேர் கேட்டார்கள் என்று ஒரே பக்கத்தில் பிரித்தெழுதி இரண்டு படி எடுங்கள். ஒன்று கொள்முதல் தொடங்குமுன் மாவட்ட நூலக அலுவலருக்கு. இன்னொன்று வாசகர் வட்டத்துக்கு. ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராக, அதாவது நூலகத்தின் ஆதரவாளராக, சேர வருபவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினால், ‘இதில் நாலைந்தை நானே வாங்கித் தருகிறேன்’ என்று சொல்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. வந்த புத்தகத்தைச் சேர்க்கையில் ஏற்றியதும், கேட்டவருக்கு அன்றைக்கே ஆள் சொல்லி அனுப்புங்கள்.