அடிக்குறிப்பு இருக்கிறதே, சேர்

சுவரில் மாட்டுவதற்காக என் மாணவத் தம்பி ஒருவன் எழுதி வந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்ததில் எனக்கு இன்றும் தயக்கமில்லை. அதற்குத் தம்பி சொன்ன பதில்தான் என்னை விடுவதாக இல்லை.

"அடிக்குறிப்பு போட்டிருக்கிறேனே, சேர். அம்புரோஸும் அதைத்தானே செய்தார்? அவருடைய மியூசியம் இன்றும் நிற்கிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

சொன்னேன்தான். கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில் யுத்தகால நினைவுகளைச் சேகரிக்க வந்த பிள்ளைகளிடம் முதல் வகுப்பிலேயே ஸ்டீபன் அம்புரோஸைப் பற்றிப் பேசினேன். அந்த யுத்தத்தில் படை நடத்தி, பிறகு அமெரிக்க ஜனாதிபதியான ஐசன்ஹோவரின் வரலாற்றை எழுதிய நியூ ஓர்லியன்ஸ் பேராசிரியர். இரண்டாம் உலக யுத்தத்துச் சிப்பாய்களின் வாய்மொழியை ஆயிரத்துக்கு மேல் திரட்டியவர். 2000 ஜூன் 6இல் அதே நகரத்தில் திறக்கப்பட்ட யுத்த மியூசியத்தை நண்பர் ஒருவருடன் சேர்ந்து நிறுவியவர். நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டன் 1944இல் பேராதனைப் பூங்காவில் தலைமையகம் அமைத்ததை எல்லாரும் எழுதிவிட்டார்கள். 1942இல் பர்மா அரிசி நின்றபோது தோட்டத் தொழிலாளரின் லயத்து அடுப்பில் என்ன வெந்தது என்று யார் எழுதினார்கள்? அதற்காகத்தான் அவரை இழுத்தேன்.

2002இல் அவரைப் பற்றி வெளிச்சத்துக்கு வந்ததையும் மறைக்கவில்லை. குண்டுவீச்சு விமானிகளைப் பற்றிய அவருடைய நூலில் வேறொரு வரலாற்றாசிரியரின் வாக்கியங்கள் மேற்கோள் குறியில்லாமல் கிடந்தன. அடிக்குறிப்பு மட்டும் இருந்தது. மன்னிப்புக் கேட்டார். அந்த ஒக்டோபரிலேயே இறந்தும் போனார்.

தம்பியின் அட்டையிலும் அதே கதை. மேலே ஒரு பாட்டியின் படம். அதன் கீழ் கோதுமை மா வந்த காலத்தைப் பற்றி அழகான ஐந்து வரிகள். பழைய ஆண்டு மலர் ஒன்றில் வந்த கட்டுரையின் வரிகள் அவை. அடியில் எறும்பு ஊர்வது போல அந்தக் கட்டுரையின் பெயர். சுவருக்கு முன்னால் நிற்பவர் அதைப் பாட்டி சொன்னதாகத்தானே வாசிப்பார்?

ஒலிப்பதிவில் பாட்டி சொன்னது இவ்வளவுதான்: "மா கொடுத்தார்கள். ரொட்டி சுடத் தெரியாது. கரைத்துக் காய்ச்சினோம்." இதைப் போடு, ஐந்து வரியும் வேண்டாம் என்றேன்.

"இதை யார் சேர் நின்று வாசிப்பார்கள்?"

பதில் சொல்லாமல் அட்டையை நீட்டினேன். சொல்ல இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அம்புரோஸை இலட்சக்கணக்கானோர் வாசித்தது அவருடைய அடிக்குறிப்புக்காக அல்லவே. கதை ஓடியது, கூட்டம் வந்தது, மியூசியத்துக்குப் பணமும் வந்தது. ஐசன்ஹோவருடன் நூற்றுக்கணக்கான மணித்தியாலங்கள் இருந்ததாகச் சொல்லி வந்தார். 2010இல் பதிவேடுகளைப் புரட்டியவர்கள், சந்தித்தது மூன்றே முறை, மொத்தம் ஐந்து மணித்தியாலம்கூட இல்லை என்றார்கள். நியூ ஓர்லியன்ஸில் தரையிறங்கு படகுகளைக் கட்டிய ஹிகின்ஸ்தான் யுத்தத்தை வென்று தந்தவர் என்று 1964இல் ஐசன்ஹோவர் சொன்னாராம். அந்த மியூசியம் அந்த நகரத்தில் இருப்பதற்குச் சொல்லப்படும் காரணமே அதுதான். அதையும் அம்புரோஸ் சொல்லித்தான் உலகம் அறிந்தது.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லியிருந்தால் யார் பக்கம் வலுத்திருக்கும்? அவன் பக்கம்தான் என்று சில நாட்களில் படுகிறது. பாட்டி சொல்லாததைப் பாட்டியின் வாயில் வைக்க நமக்கு உரிமையில்லை என்பதில் மட்டும் நான் அசையவில்லை.

அடுத்த மாதம் அவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். சம்பளம்தான் காரணம் என்கிறார்கள் மற்றப் பிள்ளைகள். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

இப்போது வகுப்பில் 2002ஐ முதலில் சொல்லிவிட்டுத்தான் அம்புரோஸைத் தொடங்குகிறேன். கேள்வி நேரம் முழுவதும் திருட்டைப் பற்றியே போய்விடுகிறது. அந்தச் சிப்பாய்களைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.