நாறாத டீசர்ட்டும் நொய்யல் தண்ணீரும்

போன வாரம் அக்கா பையனுக்குக் காதர்பேட்டையில் இரண்டு டீசர்ட் எடுத்தேன். டேக்கில் "நானோ சில்வர், வியர்வை நாற்றம் வராது" என்று மட்டும் இருந்தது. எவ்வளவு வெள்ளி, எத்தனை சலவைக்கு நிற்கும் என்று ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, "நல்ல சரக்குங்க, தைரியமா எடுங்க" என்றார் கடைக்காரர்.

பதினோரு வருசமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களை எடுத்து முடித்து அனுப்பும் வேலையில் இருக்கிறேன், அதனால் இது எனக்கு உறுத்துகிறது. கிருமியைக் கொல்லும் என்று சொல்லி ஐரோப்பாவில் துணி விற்றால், என்ன மருந்து போட்டது என்று லேபிளில் எழுத வேண்டும், அது நானோ என்றால் பெயருக்குப் பக்கத்திலேயே 'நானோ' என்றும் போட வேண்டும். 2013 செப்டம்பரிலிருந்து அங்கே இதுதான் சட்டம். அந்த லேபிளை இங்கேதான் அடித்து, இங்கேதான் தைத்து அனுப்புகிறோம்.

அம்மாவின் கொலுசும் வெள்ளிதானே என்று கேட்கலாம். நானோ துகள் முடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதே எடை வெள்ளியை அவ்வளவு பொடியாக்கினால் தண்ணீர் படுகிற பரப்பு பல மடங்கு கூடிவிடும், வெள்ளி அயனிகள், அதாவது மின்னூட்டம் உள்ள வெள்ளி அணுக்கள், வேகமாகக் கழன்று வரும், கிருமியைக் கொல்வது அதுதான். நல்ல கிருமி கெட்ட கிருமி என்று அது பார்க்காது. 2008இல் அமெரிக்காவின் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட சாக்ஸ்களைத் துவைத்துப் பார்த்தார்கள். சிலவற்றில் நாலே சலவையில் கிட்டத்தட்ட எல்லா வெள்ளியும் போய்விட்டது, சிலவற்றில் கொஞ்சம்கூடப் போகவில்லை. அப்படியென்றால் ஒட்டவைக்கிற விதத்தில்தான் விசயமே இருக்கிறது.

போட்டுக்கொள்கிறவருக்குப் பெரிய பயம் இல்லை, காயமில்லாத தோல் வழியாக மிகக் குறைவாகத்தான் உள்ளே போகும். எனக்குக் கவலை துணியின் கடைசிக் கட்ட வேலையான ஃபினிஷிங்கில் இந்த நானோ வெள்ளியை ஸ்ப்ரே அடிக்கிற பையன்களைப் பற்றித்தான். நான் பார்த்த ஒரு யூனிட்டில் ஈரக் கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவு நுண்ணிய சாரல் நேரே நுரையீரலின் அடிவரைக்கும் போகும், கர்ச்சீப் எதைத் தடுக்கும்?

அப்புறம் தண்ணீர். சுத்திகரிப்பு நிலையம் வழியாகப் போனால் பெரும்பகுதி வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து சேற்றில் தங்கிவிடும், விஷமும் குறையும். எங்கள் வீதியில் துவைக்கிற தண்ணீர் நேராகச் சாக்கடை, அங்கிருந்து நொய்யல் ஆறு. அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2011இல் ஹைகோர்ட் சொல்லித்தான் சாயப்பட்டறைகளை மூடினார்கள், அதுவும் தண்ணீர் நிறம் மாறியது எல்லார் கண்ணுக்கும் தெரிந்ததால். இந்த வெள்ளித் தண்ணீருக்கு நிறமே கிடையாது.

ஏற்றுமதிக்கு அடிக்கிற அந்த ஒரு வரியை உள்ளூர் டேக்கிலும் அடிக்கலாம் என்று எங்கள் முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். சரி, திங்கட்கிழமை உட்கார்ந்து பேசலாம் என்றிருக்கிறார்.