ராத்திரி 9 மணி ஷோ

எங்க தனியார் எஃப்எம் ஸ்டேஷன்ல என்ன பாட்டு ஓடணும்னு முடிவு பண்ண சென்னைலேர்ந்து வந்த புரோகிராமிங் ஆளு "உங்க ஊருக்கு ஏசி ஃபார்மேட்"னு சொன்னப்ப ஸ்டுடியோவுக்கு இன்னொரு ஏசி போடப்போறாங்கன்னுதான் நாங்க நினைச்சோம். அடல்ட் கான்டெம்பரரியாம். 25லேர்ந்து 54 வயசுக்காரங்களுக்கு 80கள், 90கள் மெலடி, நடுவுல புதுசும் கொஞ்சம், குத்துப்பாட்டு கம்மி.

தென்மாவட்டத்துல சின்ன ஊர். முன்னாடி எஃப்எம் லைசென்ஸ் கட்டணம் வருஷா வருஷம் ஏறிட்டே போகும், மத்திய அரசோட 2005 எஃப்எம் கொள்கைல அத வருமானத்துல 4 சதவீதம்னு மாத்தின பிறகுதான் எங்க ஊர் மாதிரி இடத்துக்கெல்லாம் கட்டுபடியாச்சு. ஆனா ஜனங்களுக்கு ரேடியோ ஒண்ணும் புதுசில்ல, இலங்கை வானொலி கேட்டு வளந்தவங்க, கொடைக்கானல் 100.5 வேற மலை மேலேர்ந்து கணீர்னு கேக்கும், அதனால நம்ம பாச்சா அவங்ககிட்ட பலிக்காது. ஒரு டெய்லர் அண்ணன் டெய்லி போன் போட்டு திட்டுவாரு, "பாட்டு முடியதுக்கு முன்னாடியே ஏம்மா பேசுதிய, மியூசிக் போட்டவர் பேரச் சொல்லுங்க."

ஒரு உண்மைய சொல்லிடறேன். நேயர் விருப்பம்னு நாங்க போட்டதுல பாதி விருப்பமே கிடையாது. எந்த மணிக்கு எந்த பாட்டுன்னு சாஃப்ட்வேர் முன்னாடியே லிஸ்ட் போட்டு வச்சிருக்கும், வர்ற கால்ல அந்தப் பாட்ட யாரு கேட்டாங்களோ அவங்க குரல மட்டும் வெட்டி முன்னாடி ஒட்டுவோம், மத்தவங்க பாவம் காத்துக்கிட்டே இருப்பாங்க.

நியூஸ் நாங்க சொல்லக்கூடாது, இன்னிக்கும் சொந்தமா முடியாது. 2011 கொள்கை வந்தப்புறம் ஆகாசவாணி செய்திய அப்படியே போடலாம்னாங்க, மழை, டிராஃபிக், கரண்ட், தண்ணி அறிவிப்பெல்லாம் நியூஸ் கணக்குல வராதுன்னாங்க, எங்களுக்கு அதுவே பெரிய விஷயம், ஏன்னா ஐப்பசி மழைல எந்த ரோட்டுல தண்ணி நிக்குதுன்னு கேக்கத்தான் போன் வரும், பாட்டுக்கில்ல.

அதே கொள்கைலதான் ஒரு கம்பெனி தன் எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே நிகழ்ச்சிய ஓட்டலாம்னும் வந்துச்சு. செலவு மிச்சம்ல, மொதல்ல போனது என்னோட ராத்திரி 9 மணி ஷோதான். என்னை விளம்பர ஸ்கிரிப்ட் எழுத உக்கார வச்சாங்க.

ஒரு கார்த்திகை ராத்திரி லேட்டா வேலை பாத்துட்டு இருந்தப்ப போன் அடிச்சது. டெய்லர் அண்ணன்.

"ஏம்மா, இங்க மழை ஊத்துது, உங்காளு நிலா காயுதுங்காரே, அவரு எந்த ஊர்ல உக்காந்து பேசுதாரு?"

"ஸ்டுடியோல ஜன்னல் கிடையாதுண்ணே"ன்னு சொல்லி வச்சேன்.