யூடியூப் ஓடுது, வங்கித் தளம் மட்டும் திறக்கல: எங்கள் வீட்டு ரவுட்டரோடு பதினோரு நாள்

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு எங்கள் வீட்டு வைஃபையில் வங்கித் தளம் திறந்தது. தூங்கப்போன மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதே தொல்லையில் யாராவது இருந்தால், புது ரவுட்டர் வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

வீடு மடிப்பாக்கத்தில். ஏரியா கேபிள்காரர் வழியாக வந்த ஃபைபர் இணைப்பு. சுவரில் ஃபைபர் வந்து சேரும் ஒரு சின்ன ஓஎன்யு பெட்டி, அதிலிருந்து ரவுட்டர். கூகுள், யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் பறக்கும். வங்கித் தளமும் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் தளமும் மட்டும் வெள்ளைத் திரையோடு சுற்றிக்கொண்டே இருக்கும். அதே லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் உடனே திறக்கும். ஆக, தளத்திலும் கோளாறில்லை, லேப்டாப்பிலும் இல்லை.

இதைக் கஸ்டமர் கேருக்குப் புரியவைக்க முடியவில்லை. "யூடியூப் ஓடுதா சார்?" "ஓடுது." "அப்ப லைன் ஓகே சார், வெப்சைட்காரங்ககிட்ட கேளுங்க." மூன்று முறை புகார் கொடுத்தேன். மூன்று முறையும் யாரும் வராமலே 'தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வந்தது. நாலாவது முறை, ரவுட்டரை ரீசெட் செய்யச் சொன்னார்கள். சனிக்கிழமை சாயங்காலம், பின்பக்க ஓட்டையில் குண்டூசியை வைத்து அழுத்தினேன். கேபிள்காரரின் இணைப்புக்குள் ரவுட்டர் நுழையப் பயன்படுத்தும் பிபிபிஓஇ (PPPoE) முறையின் யூசர்நேம், பாஸ்வேர்ட் இரண்டும் அழிந்துபோயின. அது லைன்மேனிடம்தான் இருக்கிறதாம், அவர் திங்கட்கிழமைதான் வருவாராம். இரண்டு நாள் வீட்டில் இணையமே இல்லை. தயவுசெய்து அந்த யூசர்நேம், பாஸ்வேர்டைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளாமல் ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள். ரவுட்டர் பக்கத்தை போட்டோ எடுத்தாலும் பாஸ்வேர்ட் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும்.

திங்களன்று வந்தவர், தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸை கூகுளின் 8.8.8.8 என்று மாற்றினார். பலனில்லை. "ரவுட்டர் பழசு சார், மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ரிச்சி தெருவுக்குப் போய் 1,700 ரூபாய்க்குப் புதிது வாங்கி மாட்டினேன். அதே இரண்டு தளம், அதே வெள்ளைத் திரை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

கடைசியில் கைகொடுத்தது, நெட்வொர்க் வேலையில் இருக்கும் மச்சினன். "மாமா, எர்ரர் உடனே வருதா, இல்ல சுத்திக்கிட்டே நிக்குதா?" என்றுதான் முதலில் கேட்டான். டிஎன்எஸ் கோளாறு என்றால் முகவரி கிடைக்கவில்லை என்று பிரவுசரே பெரும்பாலும் சொல்லிவிடும். இணைந்தபிறகு நடுவில் நின்றுபோனால் எம்டியுவைச் சந்தேகப்பட வேண்டுமாம்.

இணையத்தில் தரவு பாக்கெட் பாக்கெட்டாகத் துண்டு போட்டுத்தான் போகும். எம்டியு (MTU) என்பது ஒரு பாக்கெட் அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு. ஈதர்நெட்டில் அது 1500 பைட். பிபிபிஓஇ தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மீதி 1492. பல ரவுட்டர்களில் அதுதான் முன்கூட்டியே போட்டிருக்கும். எங்கள் லைனிலோ, வழியில் எங்கோ 1492கூட நுழையாத குறுகல். பாக்கெட் பெரிதாக இருந்தால், சிறியதாக அனுப்பு என்று அனுப்பியவருக்குத் தகவல் திரும்பிப் போகவேண்டும். அந்தத் தகவலை நடுவில் ஏதோ ஒரு ஃபயர்வால் தடுத்தால், பெரிய பாக்கெட் சத்தமில்லாமல் காணாமல் போகும். பிரவுசர் அனுப்பும் முதல் வணக்கம் சின்னது, போய்ச் சேர்ந்துவிடும். பதிலுக்குத் தன் அடையாளத்தைக் காட்ட அந்தத் தளம் அனுப்பும் சான்றிதழ் பெரியது, அது வந்து சேராது. நாம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

சோதிப்பது சுலபம். விண்டோஸ் கமாண்ட் திரையில், ஒரு முகவரிக்குச் சோதனைப் பாக்கெட் அனுப்பும் பிங் (ping) கொடுக்கும்போது, துண்டாக்காதே என்று சொல்லும் எஃப் (-f) ஸ்விட்சையும் அளவு சொல்லும் எல் (-l) ஸ்விட்சையும் சேர்க்க வேண்டும். 1.1.1.1 என்ற பொது முகவரிக்கு 1464 என்று அனுப்பினேன், டைம் அவுட். குறைத்துக்கொண்டே வந்ததில் 1424க்குப் பதில் வந்தது, 1425க்கு வரவில்லை. அதோடு பாக்கெட்டின் தலைப்புக்கான (header) 28 பைட்டைக் கூட்டினால் 1452. ரவுட்டரில் வெளி இணைப்புக்கான WAN பக்கத்தில் பிபிபிஓஇ அமைப்புக்குக் கீழே எம்டியு கட்டத்தில் 1492ஐ அழித்து 1452 போட்டுச் சேமித்தேன். இணைப்பு ஒருமுறை அறுந்து மறுபடி வந்தது. வங்கித் தளம் திறந்தது. பள்ளிக் கட்டணத்தை அப்போதே கட்டி முடித்தேன், கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால்.

1452ஐ அப்படியே நகல் எடுக்காதீர்கள். உங்கள் லைனுக்கு வேறு எண் வரலாம், சோதித்துப் பார்த்துப் போடுங்கள்.

இன்று காலை பழைய ரவுட்டரை மாட்டி அதிலும் அதே எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே ஓடுகிறது. அதே கேபிள்காரரிடம் இணைப்பு வாங்கியிருக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் ஒரு இன்சூரன்ஸ் தளம் இரண்டு வாரமாகத் திறக்கவில்லையாம். அவர்கள் வீட்டிலும் சோதித்தேன், அங்கேயும் 1424தான். ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துகொடுத்துவிட்டு, இரண்டு வீட்டு சோதனைப் படத்தையும் சேர்த்து ஐந்தாவது புகாரைக் கொடுத்திருக்கிறேன்.