கோர்னெட் மூச்செடுக்கும் இடம்

எங்கள் கல்லூரி பாண்டைப் பழக்கிய டக்டக் சேர் காலமான செய்தி பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் வந்த அன்று கும்பிடு கைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. நடுவில் ரொறன்ரோவிலிருந்து ஒருவன், "சறுக்கி, மலருக்கு நீதான் எழுதவேணும்" என்று போட்டான். அந்தப் பட்டம் எனக்கு வந்த கதை தெரிந்தவர்கள் சிரித்திருப்பார்கள். தெரியாத பிந்திய பிரிவினருக்காகக் கீழே எழுதுகிறேன். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்டுரையில் பாதி, நம் கல்லூரி வாசலை ஒருநாளும் மிதிக்காத ஓர் ஆங்கிலேயரைப் பற்றியது, கிறிஸ் பார்பர் என்ற ஜாஸ் ட்ரொம்போன்காரர். சேர் இருந்திருந்தால் அந்தப் பாதிக்குச் சிவப்பு மையால் குறுக்குக்கோடு போட்டிருப்பார்.

பாண்ட் பழக்கம் எங்கே, எந்தப் பின்னேரம், யாருடைய வடையைத் திருடித் தின்றுவிட்டுப் போனோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ட்ரொம்போன்காரருக்கு எப்போதும் முன்வரிசை. திறமைக்காக அல்ல. ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் இழுக்கிற குழாயை, நீட்டினால் முன்னால் நிற்பவன்ரை பிடரி தப்பாது என்பதற்காக.

சேரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மார்ச்சைப் பாதியில் நிறுத்தி, ஸ்ராண்டில் டக்டக் என்று தட்டி, ஒருவனைக் காட்டி "நீ ஊதாதை, கேள்" என்பார். மற்றவர்கள் முதலிலிருந்து வாசிப்பார்கள். முடிந்ததும் கேள்வி வரும்: "கோர்னெட் எங்கை மூச்செடுத்தவன்?" பதில் தெரியாவிட்டால் அடுத்த சுற்றும் சும்மா நிற்கவேண்டியதுதான். பாண்டுக்கு வந்தது ஊதுவதற்கு, அடுத்தவன் மூச்சை எண்ணுவதற்கா என்று நாங்கள் புறுபுறுப்போம். மெட்டை வாசிக்கிற கோர்னெட், ட்ரம்பெட்டின் குட்டித் தம்பி, மூச்செடுக்கிற அந்தக் கணத்தில் கீழே இருக்கிறவன் தாங்காவிட்டால் மார்ச் நொண்டும் என்பது அவருடைய வாதம். வாதத்தை அவர் சொன்னதேயில்லை. கேள்வியை மட்டும் கேட்டார்.

1983 விளையாட்டுப்போட்டிக்கு முந்திய கிழமை அது நடந்தது. எங்கள் வீட்டில் சித்தப்பாவின் ரேடியோ ஒன்று இருந்தது. இரவில் சிற்றலையில் வோய்ஸ் ஒஃப் அமெரிக்கா பிடிபடும். வில்லிஸ் கொனோவர் அடித்தொண்டையில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து ஜாஸ் பற்றிப் பேசுவார். அவர் போட்ட இசைத்தட்டொன்றில் ட்ரொம்போன் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுபட்டுக்கொண்டே ஏறியதைக் கேட்டுவிட்டு, எனக்கு ஒரு கிழமையாக நித்திரையில்லை. மார்ச்சில் எங்களுக்கு அப்படியொரு இடம் இருந்தது. கீழே ஒரு நீண்ட சுரம், பிறகு மேலே ஒரு சுரம். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை நான் ஸ்லைடாலேயே கடந்தேன்.

டக், டக், டக்.

"ஆர்ரா அங்கை மாட்டை அவிட்டு விட்டது?"

அதோடு விட்டிருந்தால் பட்டம் வந்திராது. திங்கட்கிழமை அசெம்பிளியில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். "இவர் புதுசா ஒரு மார்ச் எழுதியிருக்கிறார், எல்லாரும் கேளுங்கோ" என்றார். முழுக் கல்லூரிக்கும் முன்னால் அந்த இடத்தைத் தனியாக ஊதினேன், இழுத்து ஒருமுறை, இழுக்காமல் ஒருமுறை. முதலாவதற்கு மண்டபம் சிரித்தது. இரண்டாவதற்கு அதைவிடக் கூடச் சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. "எழுதினது எழுதினபடி" என்றுவிட்டு இறங்கிப் போனார். சறுக்கி என்ற பட்டம் இடைவேளை மணிக்கு முன்பே கன்ரீனுக்கு வந்துவிட்டது.

அந்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று இந்த மலரில் எழுதத் தேவையில்லை. வருடம் முடியமுதல் நான் லண்டனில் இருந்தேன். ட்ரொம்போனை பாண்ட் அறையில் வைத்துவிட்டு வந்தேன். சேரிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை. அப்போது யார் யாரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்கள்?

சில வருடங்களுக்குப் பிறகு, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், ஒரு நகர மண்டப வாசலில் கிறிஸ் பார்பர் பாண்டின் விளம்பரம் பார்த்தேன். படத்தில் ட்ரொம்போன் இருந்தது. உள்ளே போனேன். சபையில் எல்லாரும் என்னைவிட இருபது வயதாவது மூத்தவர்கள். கறுத்த முகம் என்னுடையது ஒன்றுதான். கறுப்பின மக்களின் இசையைக் கேட்கத்தான் அவ்வளவு வெள்ளையரும் வந்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

பார்பர் 1930இல் வெல்வின் கார்டன் சிற்றியில் பிறந்தவர். லண்டன் கில்ட்ஹோல் இசைக் கல்லூரியில் ட்ரொம்போனும் டபிள் பாஸும் படித்தவர். 1953இல் அவரும் நண்பர்களும் இசையையே தொழிலாக்க முடிவெடுத்தபோது ட்ரம்பெட்காரர் பாட் ஹல்கொக்ஸ் வரமாட்டேன் என்றாராம். காரணம், இரசாயனப் படிப்பை முடிக்கவேண்டும். நம் பெற்றோரின் குரல் அங்கேயும் கேட்டிருக்கிறது. அவருடைய இடத்துக்கு வந்த கென் கொலியர் இன்னும் நம்மவர். சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, அமெரிக்காவில் கப்பலைவிட்டு இறங்கி, ஜாஸ் பிறந்த நியூ ஓர்லியன்ஸ் போய் அங்குள்ள முதியவர்களோடு வாசித்து, விசா முடிந்து பிடிபட்டுச் சிறையிருந்து, நாடுகடத்தப்பட்டு வந்தவர். அடுத்த வருடமே கொலியர் பிரிந்து போக, ஹல்கொக்ஸ் இரசாயனத்தை விட்டுவிட்டு வந்தார். 2008 வரை பார்பருக்குப் பக்கத்தில் நின்றார்.

ஐம்பத்துநாலு வருடம் ஒரே ஆளின் மூச்சைக் கேட்டவர் பார்பர்.

அன்றிரவு நான் கண்டது இதுதான். ட்ரம்பெட் மெட்டை எடுத்துக்கொண்டு போகிறது, அதிகம் அலங்கரிக்காமல். அது நேரே நடந்தால்தான் மற்றவர்களுக்கு ஓட இடம். மேலே கிளாரினெட் விரைந்து சுற்றிச்சுற்றி வருகிறது. கீழே ட்ரொம்போன். அதற்கு மெட்டும் இல்லை, வேகமும் இல்லை. ஒரு வரி முடிந்து ட்ரம்பெட் மூச்செடுக்கிற இடத்தில் அது வாயைத் திறக்கிறது. அடுத்த கோர்ட் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) எதுவோ அதற்குள் அரைச் சுரம் கீழே இருந்து இழுத்துக்கொண்டு நுழைகிறது, வரப்போகும் திருப்பத்தை மற்ற இருவருக்கும் முன்கூட்டியே காட்டுகிறது. பிறகு ஒதுங்குகிறது. மூவருக்கு முன்னாலும் தாள் இல்லை. கைகாட்ட ஒருவரும் இல்லை.

நாதஸ்வரக் கச்சேரியில் ஒருவர் இராகத்தை விரிக்கும்போது மற்றவர் காத்திருப்பார், ஒத்து பிடித்து நிற்கும். தவிலுக்குத் தனியாவர்த்தனம் வரும்போது நாதஸ்வரம் கீழே இறங்கும். கற்பனை நம்மிடம் முறைவைத்து வருவது. நியூ ஓர்லியன்ஸ் முறையில் மூவரும் ஒரே நேரத்தில் கற்பனை செய்கிறார்கள், அது சந்தைக்கடையாகாமல் இருக்கிறது. எப்படி என்று எனக்கு அன்று பிடிபட்டது. ட்ரொம்போன்காரர் ஊதாமல் விடுகிற இடங்களால்தான்.

இழுவை பற்றியும் ஒரு வார்த்தை. ட்ரொம்போன் ஸ்லைடுக்கு ஏழு நிலைகள், ஒவ்வொன்றும் அரைச் சுரத் தூரம். ஆகவே ஒரே மூச்சில் அறாமல் இழுக்கக்கூடியது ஆகமிஞ்சி ஆறு அரைச்சுரம். அதற்குமேல் உதடு மாறவேண்டும், இழை அறும். நல்லவர்கள் அந்த ஆறையும் செலவழிக்க மாட்டார்கள். இந்தப் பாணிக்கு மூத்தவர் கிட் ஓரி. 1886இல் லூசியானாவில் பிறந்தவர், லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் ஹொட் ஃபைவ் குழுவில் 1925 முதல் ஊதியவர். அவர் காலத்தில் நடன விளம்பரத்துக்குப் பாண்டைக் குதிரை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோவார்கள். ஸ்லைடு மற்றவர்களை இடிக்காமலிருக்க ட்ரொம்போன்காரரை வண்டியின் பின்பலகையைத் திறந்து கடைசியில் இருத்துவார்கள். ரெயில்கேற் (tailgate, பின்பலகை) பாணி என்ற பெயர் அப்படி வந்தது. நாங்கள் முன்வரிசை, அவர்கள் பின்பலகை, காரணம் ஒன்று. அதே ஓரி 1930களில் வேலையற்றுக் கோழி வளர்த்தார், 1944இல்தான் ஓர்சன் வெல்ஸின் வானொலி நிகழ்ச்சி வழியாகத் திரும்பி வந்தார். பெற்றோல் நிலையத்தில் நின்றுகொண்டு இதை வாசித்தபோது கோழிகள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

தனியாக ஊதும்போது பார்பர் பெரிய வித்துவான் என்று சொல்லமாட்டேன். தனியூதலுக்கு அமெரிக்க ட்ரொம்போன்காரர் ஜாக் டீகார்டன் இருக்கிறார். பார்பரின் அருமை கூட்டத்தில் தெரிவது. மேடைக்கு வெளியேயும் அப்படித்தான். தன் பாண்டுக்கு வந்த கூட்டத்தை வைத்துக்கொண்டு 1957இல் கொஸ்பல் பாடகி சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பையும் 1958இல் புளூஸ் பாடகர் மடி வோட்டர்ஸையும் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு அழைத்துவந்து, பக்கத்தில் நின்று வாசித்தார். 2021 மார்ச் 2ஆம் தேதி இறந்தார்.

போருக்குப் பிறகு ஊருக்குப் போனபோது சேரைப் பார்க்கப் போனேன். 1995 இடம்பெயர்வில் வீட்டிலிருந்த இசைத்தாள்கள் எல்லாம் போய்விட்டன என்றார், மாடு கண்டு போனதைச் சொல்வது மாதிரியே. காதுகேட்பது குறைந்திருந்தது. கைத்தொலைபேசியில் பார்பர் பாண்டின் 1954ஆம் ஆண்டுப் பதிவொன்றைப் போட்டு, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். விரல் கதிரைக் கையில் தட்டத் தொடங்கியது. முடியும்வரை நிற்கவில்லை.

"இது எழுதினதோ?"

"இல்லை சேர். வாசிக்கேக்கை யோசிக்கிறது."

"மூண்டு பேருமோ?"

"ஓம் சேர்."

"அப்ப ஆர் கை காட்டினது?"

"ஒருத்தருமில்லை."

கொஞ்சம் யோசித்தார். "கிளாரினெட்காரன் கொஞ்சம் கூடிப்போனான்" என்றார். பிறகு, "ட்ரொம்போன் காரனுக்குக் கேக்கத் தெரியுது."

நான் இப்போது ஊதுகிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். வாடகை வீடுகள், பக்கத்து வீட்டுச் சுவர்கள், பிள்ளைகளின் படிப்பு என்று ஏதோ அடுக்கினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

"நீ போனாப்பிறகு அந்த இடத்துக்கு ஒருத்தனும் சரிவரேல்லை. யூபோனியத்தாலை நிரப்பினனான்." யூபோனியத்துக்கு ஸ்லைடு கிடையாது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் தொடர்ந்தார்: "யூபோனியம் சறுக்காது, அது ஒரு நிம்மதி."

அசெம்பிளி அவருக்கு ஞாபகம் இருந்தது. மன்னிப்பெல்லாம் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நகர மண்டபத்தில் எனக்கு விளங்கியதை அவரிடம் சொல்லியிருக்கவேண்டும்: தாளில்லாமல் வாசிக்கிற அந்த மூவரிடமும் இருந்தது, தாளைவிட்டு ஒரு சுரம் விலகவிடாத அவர் எங்களிடம் கேட்ட கேள்விக்கான பதில் என்று. மறுநாள் காலை கொழும்பு பஸ். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிவிட்டேன்.

கல்லூரி பாண்டுக்கு வாத்தியங்கள் வாங்க நம் சங்கம் இந்த வருடம் நிதி சேர்க்கிறது. வந்த பட்டியலைப் பார்த்திருப்பீர்கள்: கோர்னெட், கிளாரினெட், யூபோனியம், சைட் ட்ரம். ட்ரொம்போன் இல்லை. விசாரித்தால், ஊத ஆளில்லை என்கிறார்கள். வாத்தியம் இல்லாமல் ஆள் எங்கேயிருந்து வருவான் என்று செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். ஒன்றுக்கான பணத்தை நான் தருகிறேன். பழக்கிவிட ஒரு ஆள் வேண்டும், ஊரில் யாரையாவது தெரிந்தவர்கள் அறியத்தரவும்.