மனச்சோர்வுச் சிகிச்சையும் மறுக்கப்பட்ட காப்பீட்டுத் தொகையும்

மனநலக் கோளாறுகளுக்கான சிகிச்சை இந்தப் பாலிசியில் அடங்காது என்ற ஒற்றை வரியோடு காப்பீட்டு நிறுவனத்தின் நிராகரிப்புக் கடிதம் வந்தது. திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்திவந்த என் கணவர், வரவேண்டிய பணம் நின்றுபோய், தவணைகள் தேங்கி, தூக்கமும் பசியும் இழந்து, தனியார் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டிருந்தார். கடனால் வந்த நோய்க்கு மருத்துவமனையில் கட்டிய தொகையும் நகையை அடகு வைத்துப் புரட்டியதுதான்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு வழங்கப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் வழங்கப்பட வேண்டும் என்கிறது. 2018 மே 29 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2022 அக்டோபர் 31க்குள் எல்லாப் பாலிசிகளும் இதற்கு இணங்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் உத்தரவிட்டது. எங்கள் பாலிசி சட்டத்துக்கு முன்பே எடுக்கப்பட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது என்பதால், பழைய நிபந்தனைத் தாளையே காட்டி மறுத்துவிட்டார்கள்.

கிளை அலுவலகத்துக்குச் சட்டப் பிரிவின் நகலோடு போனேன். பாலிசி கணவர் பெயரில் இருப்பதால், "சார் நேர்ல வந்து கையெழுத்துப் போடட்டும் மேடம்" என்றார் அங்கிருந்த ஊழியர். படுக்கையை விட்டு எழுந்து பல் துலக்கவே நண்பகல் ஆகிவிடும் ஒருவரை எப்படி அழைத்து வருவது? வீட்டில் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்தால் போதாதா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதன்பின் அங்கே போவதை நிறுத்திவிட்டு, முறையீட்டுக் கடிதத்தில் கணவரிடம் கையெழுத்து வாங்கி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். அலுவலகத்தில் வாய்மொழியாகப் பேசியதற்குச் சாட்சி கிடையாது. எழுத்தில் அனுப்பியதற்குத்தான் தேதி இருக்கும்.

இன்னொரு சிக்கல் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது. நோயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 'மன அழுத்தம்' என்று எழுதியிருந்தார்கள். மருத்துவரைப் பார்த்து, கடுமையான மனச்சோர்வு என்பதையும் சர்வதேச நோய்ப் பட்டியலில் அதற்கான எஃப்32.2 என்ற குறியீட்டையும் சேர்த்துத் திருத்தி வாங்கினேன். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

இதற்கிடையில் ஒருநாள் கணவருடைய மாத்திரை அட்டையைப் பார்த்தபோது, பிரித்த குழிகள் சிலவற்றில் பாதி மாத்திரைகள் மிச்சமிருந்தன. செலவைக் குறைக்க, யாரிடமும் சொல்லாமல் தினம் பாதியாக உடைத்து விழுங்கியிருக்கிறார். மருத்துவர் மிகவும் கவலைப்பட்டார். இந்த மாத்திரைகளைத் தாமாகக் குறைத்தால் நோய் திரும்பக்கூடும் என்றார். வெளிநோயாளிச் செலவை எங்கள் பாலிசி ஏற்காது என்பதால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மாறினோம். அங்கே காத்திருப்பு அதிகம், ஆனால் மாத்திரை இலவசம். வீட்டை வந்த விலைக்கு விற்றுக் கடனை முடித்துவிடலாம் என்று அவர் துடித்தபோது, உடல் தேறும்வரை பெரிய பண முடிவுகளைத் தள்ளிப்போடும்படி சொன்னவரும் அங்கிருந்த மருத்துவர்தான். அந்த ஒரு சொல் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கடன்தாரரை அழைக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதியைச் சுட்டிக்காட்டி எழுதிய பிறகு, இரவு அழைப்புகளும் நின்றன.

குறைதீர்ப்பு அதிகாரியிடமிருந்து ஒரு மாதமாகியும் பதில் வராததால், நிறுவனத்தைச் சாராத, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்புட்ஸ்மன்) முறையிட்டோம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, வழக்கறிஞர் வாதாட அனுமதியும் இல்லை. விசாரணை காணொலியில் நடந்ததால், என் கணவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினார். எதிர்த்தரப்பால் 21(4) பிரிவுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. பணமும் வந்து நகையை மீட்டோம்.

நிராகரிக்கப்பட்டவர்கள் ஓராண்டுக்குள் முறையிட்டுவிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நோயாளியால் தாள்களைத் தேடி அலைய முடியாது, வீட்டில் ஒருவர் கோப்பைக் கையில் எடுத்தே ஆக வேண்டும். பணக் கவலையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்று யாராவது சொன்னால், எந்தக் கோப்பையும் பார்க்காமல் முதலில் 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.